அப்பா பேரில் அனுப்பிய பணம்

1

பிப்ரவரி பிறந்தால் இந்த ஊரில் இரண்டு காரியம் தவறாமல் நடக்கும். குளிர் எலும்பு வரைக்கும் இறங்கும். வரிக்கணக்குத் தாக்கல் செய்ய நிற்பவர்களின் வரிசை அலுவலக வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிடும். டோக்கியோவுக்குப் பக்கத்தில் இருக்கும் சிபாவுக்கு நாங்கள் குடிவந்து இந்த மாசியோடு பதினோரு வருஷம் ஆகிறது. முதல் சில வருஷம் அந்த வரிசையைப் பார்த்து, யாரோ பாவம் என்று நினைத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடியிருக்கிறேன். இப்போது நானே அதில் நிற்கிறேன். வெளிநாட்டில் இருப்பவள் என்றதும் ஊரில் நீங்கள் நினைத்துக்கொள்ளும் செர்ரிப் பூவுக்கும் புல்லட் ரயிலுக்கும் என் வருஷத்தில் பெரிய இடமில்லை. வரி அலுவலகத்துப் பிளாஸ்டிக் நாற்காலிக்கு இருக்கிறது.

மாதச் சம்பளக்காரர்களின் வரியைக் கம்பெனியே பிடித்துக் கட்டிவிடும். நாமாக அலுவலகத்துக்குப் போவது, பிடித்ததில் கொஞ்சம் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கத்தான். குடும்பத்துக்கு ஆன ஆஸ்பத்திரிச் செலவு ஒரு வரம்பைத் தாண்டினால், தாண்டியதை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். மகள் யாழினியின் பல்லுக்குக் கம்பி போட்ட வருஷம் இது எனக்குத் தெரிய வந்தது. பல் டாக்டர் கேட்ட தொகைக்கு ஊரில் ஒரு வாய் முழுக்கப் புதுப்பல் கட்டியிருக்கலாம். அதில் கொஞ்சம் திரும்பி வருகிறது என்றால் யாருக்குக் கசக்கும்?

போன வருஷம் சாப்பாட்டு இடைவேளையில் என் பக்கத்து மேஜைக்காரி மிசாகி, வடக்கே கிராமத்தில் தனியாக இருக்கும் தன் அம்மாவின் ஆஸ்பத்திரி பில்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். அம்மாதான் உன்னோடு இல்லையே என்று கேட்டேன். ஒரே வீட்டில் இருக்க வேண்டியதில்லை, பிழைப்பு ஒன்றாக இருந்தால் போதும் என்றாள். அவர்கள் சட்டத்தில் இருக்கும் அந்த வார்த்தையை நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் ‘ஒரே உலை’ என்று வரும். மகளின் சம்பளத்தில் தாய் சாப்பிட்டால் இரண்டு பேருக்கும் ஒரே உலை. வெளிநாட்டில் இருக்கும் பெற்றோருக்கும் இது பொருந்தும் என்று சொல்லிவிட்டு, உன் அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்றாயே, யார் கட்டுகிறார்கள் என்று கேட்டாள்.

நான்தான் என்றேன். இதை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கு ரயிலில் திரும்பும்போது மனசு குதித்துக்கொண்டே இருந்தது. திரும்பி வரும் பணத்துக்காக மட்டும் என்று சொன்னால் பொய். இந்தப் பெண்தான் தன் தகப்பனைப் பார்த்துக்கொள்கிறாள் என்று எங்காவது ஓரிடத்தில், அது அந்நிய மொழியில் இருந்தாலும் பரவாயில்லை, எழுதியிருக்கட்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. அதுவரைக்கும் அப்படி ஓர் ஆசை உள்ளே இருப்பதே எனக்குத் தெரியாது.

2

எங்கள் ஊர் குத்தாலத்துக்குப் பக்கம். அம்மா போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அப்பா, சரவணன் அண்ணன், விஜயா அண்ணி மூன்று பேரும் ஒரே வீட்டில். சொந்த நிலம் கொஞ்சம், குத்தகைக்குப் பிடித்தது கொஞ்சம். சம்பா ஒரு போகம் உறுதி, குறுவை மேட்டூரைப் பொறுத்தது. இந்த வரவுசெலவு தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. முதலில் அரசு ஆஸ்பத்திரியில்தான் இலவசமாகச் செய்துகொண்டார். இதயமும் பலவீனம் என்று தெரிந்த பிறகு, இதய டாக்டர் எந்நேரமும் கூடவே இருக்கும் இடமாகப் பாருங்கள் என்று அங்கேயே சொல்லி அனுப்பினார்கள். அப்படித்தான் கும்பகோணத்துத் தனியார் ஆஸ்பத்திரி. அப்பா அதை டயாலிசிஸ் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ‘மொற’ என்பார். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டுப் பழகிய ஆளுக்கு, இன்றைக்கு நமக்கு முறை, நாளைக்கு அடுத்த ஆளுக்கு என்பது உடனே பிடிபட்டுவிட்டது. பிடிபடாதது குடிதண்ணீர்க் கணக்கு. நாளைக்கு ஒரு சொம்பு, அதற்குள் காபி, ரசம், மோர் எல்லாம் அடக்கம் என்று டாக்டர் சொன்னபோது, வெள்ளைக்காரன் காலத்துல கூட நமக்கு இவ்வளவு கொறச்சு வுட்டதில்லையே என்றாராம்.

பணம் என்னுடையது. ஆனால் அப்பா என் பணத்தை வாங்க மாட்டார். பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பதில் அவர் கல். என் மாமனார் வீடு திருவிடைமருதூர். கும்பகோணம் போகும் வழிதான். முறை முடிந்து தலை சுற்றி வரும் நாட்களில் அங்கே இறங்கிக் கொஞ்சம் படுத்துவிட்டுப் போகலாம் என்று என் மாமியார் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறார். அப்பா ஆஸ்பத்திரி வேனில் உட்கார்ந்தபடியே கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். தண்ணீர்க் கட்டுப்பாடு வந்த பிறகு அவருக்கு நல்ல வசதி. டாக்டர் குடிக்கக் கூடாதுன்னுட்டாரு சம்மந்தி என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்.

அது மாமனார் வீட்டுப் பணமில்லை, நான் மூளையைக் கசக்கிச் சம்பாதிப்பது என்றால் அவருக்கு இரண்டும் ஒன்றுதான். கட்டிக்கொடுத்த பெண்ணின் சம்பாத்தியம் அவளுடைய குடும்பத்துக்கு. தகப்பனைப் பார்ப்பது மகனின் வேலை. மகன் இருக்கும்போது பெண்ணிடம் வாங்கினால், மகன் இருந்தும் இல்லாத மாதிரி. இதைப் பிற்போக்கு என்று நான் மேடை போட்டுப் பேசுவேன். அப்பா கேட்கும் இடத்தில் மட்டும் பேசியதில்லை.

அதனால் அண்ணனும் நானும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மாதம் பிறந்ததும் நான் அண்ணன் கணக்குக்கு அனுப்புவேன். அண்ணன் எடுத்துப் போய் ஆஸ்பத்திரியில் கட்டுவார். ரசீது அவர் பேரில் வரும். அப்பாவுக்கு இது தெரியாது என்று நாங்கள் ஒருநாளும் நினைத்ததில்லை. மூட்டை என்ன விலைக்குப் போகிறது, உரக்கடையில் பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். அந்த வயலிலிருந்து இந்த ஆஸ்பத்திரிச் செலவு வராது என்று அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஆனால் அவர் கேட்கவில்லை. நாங்கள் சொல்லவில்லை. அண்ணன் கையிலிருந்து வந்தால் அது அண்ணன் பணம். மூன்று வருஷம் இப்படியே நன்றாகப் போயிற்று.

3

எல்லா வங்கிச் சீட்டையும் எடுத்துக்கொண்டு வரி அலுவலகத்துக்குப் போனேன். என் முறைக்கு வந்தவர் ஓய்வு பெறும் வயதில் இருந்த அதிகாரி. கோட்டுக்குள் கையால் பின்னிய ஸ்வெட்டர், குனிந்து குனிந்து பேசும் பணிவு. பணம் யாருக்குப் போயிருக்கிறது என்று கேட்டார். அண்ணனுக்கு என்றேன். செலவு யாருக்கு? அப்பாவுக்கு. ரசீது யார் பேரில்? அண்ணன் பேரில்.

அவர் பேனாவை மூடி வைத்தார். எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் விடாமல், என் அண்ணன் வெறும் வாய்க்கால்தான், தண்ணீர் என்னுடையது என்று எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் விளக்கினேன். அவர் தலையாட்டியபடி குறிப்பில் ஏதோ எழுதினார். தலைகீழாகப் படித்துப் பார்த்தேன். ‘மூத்த சகோதரர்: பாசனக் கால்வாய்ப் பணியாளர்’ என்று எழுதியிருந்தார். திருத்தச் சொல்லவில்லை. அண்ணனுக்கு அரசாங்க வேலை கிடைத்ததாக இருக்கட்டும்.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். அண்ணன் சம்பாதிக்கும் ஆள், அவர் உலை வேறு. அவருக்கு அனுப்பியது அவருக்குத்தான். அப்பாவை நான் பராமரிக்கிறேன் என்றால் பணம் அப்பாவின் பேருக்கே போக வேண்டும். குடும்பத்தில் நாலு பேரைக் காப்பாற்றினாலும் நாலு பேருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். ஒருவருக்கு அனுப்பினேன், எல்லோரும் சாப்பிட்டார்கள் என்பது இங்கே செல்லாது. ரசீதிலும் அண்ணன் பேர் இருக்கக் கூடாது. இனிமேல் அப்படிச் செய்யுங்கள், அடுத்த வருஷம் வாருங்கள், நானே பார்த்துத் தருகிறேன் என்று வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். கோபப்படவும் முடியவில்லை.

என் வீட்டுக்காரர் முரளி வேண்டாம் என்றார். ஊர் வழக்கத்தை ஜப்பான் வரிக்காக மாற்றப் பார்க்காதே, திரும்பி வருவது ஒரு விமான டிக்கெட்டுக்குத்தான் காணும் என்றார். அந்த டிக்கெட்டில்தான் அப்பாவைப் பார்க்கப் போவேன் என்றேன். அண்ணனிடம் போனில் சொன்னேன். “அப்பா ஒத்துக்குவாருன்னா நெனக்கிற?” என்று மட்டும் கேட்டார். பேருக்குத்தானே அண்ணா, கணக்கு மாறுகிறது, மற்றதெல்லாம் பழையபடிதான் என்றேன். எனக்கு அப்போது அப்படித்தான் தோன்றியது. இப்போதும் அந்த விதியில் ஒரு குற்றமும் எனக்குத் தெரியவில்லை. கொடுப்பவர் பேரும் வாங்குபவர் பேரும் நேராக எழுதப்பட வேண்டும் என்கிறார்கள். அதில் என்ன தப்பு?

4

சித்திரையில் முதல் தடவையாக அப்பாவின் கணக்குக்கு அனுப்பினேன். பயிர்க்கடனுக்காக என்றைக்கோ தொடங்கிய கணக்கு. வங்கியில் நடந்ததைப் பிறகு அண்ணிதான் சொன்னார். யார் அனுப்பியது என்று சொல்லாமல், பணம் எடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அவர்தான் கூட்டிப் போயிருந்தார்.

நகைக்கடன் வாங்குகிற கூட்டம். எங்கள் தெருக்காரர்களே நாலைந்து பேர் நின்றிருக்கிறார்கள். காசாளர் வெளியூரிலிருந்து புதிதாக வந்த பையன். நல்ல மாதிரி, கொஞ்சம் உரக்கப் பேசுவானாம். அப்பாவுக்குக் காது மந்தம் என்று நினைத்தானோ என்னவோ, “ஐயா, ஜப்பான்லேர்ந்து ஒங்க பொண்ணு அனுப்பியிருக்காங்க, வைத்தியச் செலவுக்குன்னு. எவ்வளவு எடுக்கணும்?” என்று கேட்டிருக்கிறான். பின்னால் நின்ற பங்காளி ஒருவர், பெண்ணைப் பெற்றால் இப்படிப் பெற வேண்டும் என்று நல்ல மனதோடு சொன்னாராம். அப்பா கையிலிருந்த சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வா போவம் என்று அண்ணியைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். ஒரு ரூபாய் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணனைக் கேட்டது ஒரே கேள்வி. “நீ இருக்கறப்பவே எனக்குப் பொண்ணு காசுல வைத்தியமாடா?”

அடுத்த முறைக்கு வேன் வந்து வாசலில் நின்றபோது, இன்னைக்கு ஒடம்பு தேவல, நாளக்கழிச்சுப் பாப்பம் என்று டிரைவரை அனுப்பிவிட்டார். அதற்கடுத்த முறையும் அப்படியே. நடுவில் ஒரு தடவை போனார், மறுபடி விட்டார். அண்ணன் தன் கையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினால், ஒங்கிட்ட ஏதுடா என்று கேட்டிருக்கிறார். மூன்று வருஷமாகக் கேட்காத கேள்வி. 

கால் வீங்கிப் பானை மாதிரி ஆகிவிட்டது என்று அண்ணி போனில் அழுதபோது நான் ஆபீஸ் படிக்கட்டில் நின்றிருந்தேன். அங்கேயே நின்று அப்பாவுக்குப் போன் செய்தேன். பேச்சு முழுக்க எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

“ஏம்ப்பா ஆஸ்பத்திரிக்குப் போவல?”

“போனேனே. சும்மா சும்மா போயி என்னம்மா ஆவப்போவுது? வயசாயிடுச்சு.”

“எம் பணம்னுதானே போவ மாட்டேங்கறீங்க? இத்தன வருஷமா யாரு குடுத்தான்னு நெனச்சீங்கப்பா?”

கேட்டிருக்கக் கூடாது என்று நினைக்கிறீர்களா? நான் அப்படி நினைக்கவில்லை. மூன்று வருஷமாக நெஞ்சில் இருந்த கேள்வி. அப்பா மூச்சு வாங்குவது போனில் கேட்டது. பிறகு நிதானமாகச் சொன்னார்.

“எம் பையன் குடுத்தான், நான் வாங்கிக்கிட்டேன். அவன் எங்கேர்ந்து கொண்டாந்தான்னு நான் கேக்கல. கேக்காம இருந்தேன்ல? அதோட வுட்ருக்கலாம்ல, செல்வி?”

நான் மகளில்லையா என்று கேட்டேன். மகள்தான் என்றார். மகளென்பதால்தான் வாங்கக் கூடாது என்றார். “ஒனக்கு நான் என்னம்மா செஞ்சேன்? நெலத்துல பங்கு குடுத்தனா? கட்டிக்குடுத்ததோட சரி. அவனுக்கு வயல வுட்டுட்டுப் போறேன், அவன் எனக்குப் பாக்குறான். ஒங்கிட்ட எந்த மொகத்த வச்சிக்கிட்டு வாங்குறது?”

நிலத்தில் எனக்குப் பங்கு வேண்டும் என்று நான் கேட்டதே இல்லை. அதைக் கூட அவர் உள்ளே கணக்கு வைத்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவருடைய பிடிவாதத்துக்கு ஒரு நியாயம் இருந்துவிட்டதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நியாயம் இல்லாத பிடிவாதம் என்றால் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன்.

5

அந்த வாரத்தில் ஒருநாள் யாழினி கேட்டாள். அவள் பிறந்தது இங்கே. தாத்தாவோடு போனில் பேசினால் ‘நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா’ என்ற இரண்டு வாக்கியத்தோடு அவள் தமிழ் முடிந்துவிடும். பிறகு அவள் சிரிப்பாள், அவர் சிரிப்பார். அவளுக்குத் தெரிந்த தாத்தா அவ்வளவுதான்.

தாத்தா ஏன் பணத்தை வாங்க மாட்டேன் என்கிறார் என்று ஜப்பானிய மொழியில் கேட்டாள். நான் தமிழில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் அவள் மொழிக்கு மாறி, ‘கை நனைப்பது’ என்பதைச் சொல்லத் தெரியாமல் நிறுத்தினேன். அந்த மொழியில் சொன்னால் கை கழுவுவது என்று ஆகிறது. கடைசியில், பெண் பிள்ளையிடம் வாங்குவது எங்கள் ஊரில் கௌரவக் குறைச்சல் என்று மட்டும் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, அப்படியென்றால் நீங்கள் இரண்டு பேரும் வயதானால் நான் அனுப்ப வேண்டியதில்லைதானே என்று கேட்டாள். கிண்டல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இங்கே முதியோருக்குக் காப்பீடு இருக்கிறது, பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள் என்றாள். ஆமாம், வேண்டியதில்லை என்றேன். அவள் நிம்மதியாகப் படிக்கப் போய்விட்டாள். எனக்கு இரண்டு பக்கமும் கதவைச் சாத்தின மாதிரி இருந்தது.

6

வைகாசியில் அப்பாவுக்கு மூச்சு முட்டிவிட்டது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. அண்ணன் தூக்கிக்கொண்டு ஓடினார். தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து நீரை எடுத்து அனுப்பினார்கள். இதயம் இன்னும் கொஞ்சம் பலம் இழந்துவிட்டது, இனி ஒரு முறையைத் தவறவிட்டாலும் நாங்கள் பொறுப்பில்லை என்று டாக்டர் சொன்னார். நான் லீவு கேட்டேன். ஆபீஸில் கொடுத்தார்கள். டிக்கெட் பார்க்கும்போது அண்ணன் போன் செய்து, நீ வராதே என்றார். நீ வந்து நின்றால் அவர் மறுபடி அடம் பிடிப்பார் என்றார். அது உண்மை என்பதால்தான் அவ்வளவு வலித்தது.

இனிமேல் பழையபடி உனக்கே அனுப்புகிறேன் அண்ணா, வரியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றேன். அண்ணனுக்கு நம்பிக்கையில்லை. உடைஞ்சத எப்புடிடா ஒட்டறது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். ஆனாலும் அனுப்பச் சொன்னார்.

அண்ணனும் அண்ணியும் கெஞ்சிக் கெஞ்சிப் பாதி முறைக்குத்தான் அப்பாவைக் கூட்டிப்போக முடிந்தது. அதற்குப் பிறகு நடந்தது ஆனி மாதத்தில். சம்பா அறுத்து எத்தனையோ நாளாயிற்று. நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய், பணமும் வந்து, கடனுக்கும் போய்விட்டது. தரிசில் போட்ட உளுந்தும் எடுத்தாகிவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை, குறுவைக்கு நாற்று விடவில்லை. டெல்டாவில் யார் வீட்டிலும் விற்பதற்கு ஒரு மணி நெல் இருக்காத மாதம். அப்படிப்பட்ட மாதத்தில் அண்ணன் வங்கியிலிருந்து பணத்தை எடுத்து வந்து, அப்பா படுத்திருந்த கட்டிலில் வைத்து, “நெல்லுக் காசு வந்துச்சுப்பா. நாளைக்கு மொறைக்குப் போயிட்டு வந்துருவம்” என்று சொன்னாராம். சொல்லிவிட்டு அவரால் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றிருக்கிறார்.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். அண்ணனை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

“என்ன வெல போச்சு?”

அண்ணன் வாய்க்கு வந்த ஒரு விலையைச் சொன்னார்.

“ஈரப்பதம்னு புடிச்சிக்கிட்டானுங்களா?”

“கொஞ்சம் புடிச்சாங்கப்பா.”

“பரவால்ல. புடிக்கத்தான் செய்வானுங்க” என்று பணத்தை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். மறுநாள் வேன் வருவதற்கு முன்பே சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் இதை எனக்குச் சொல்லிக்கொண்டே அழுதார். நானும் அழுதேன். சந்தோஷம்தான். அப்பா பிழைத்துக்கொள்வார் என்ற சந்தோஷம். அதோடு, உயிர் வாழ்வதற்காக அவர் என்னைத் தன் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார் என்பதும் அந்த அழுகையில் இருந்தது. இரண்டையும் பிரித்து அழ எனக்குத் தெரியவில்லை.

நான் அவர் கணக்குக்கு அனுப்பிய பணம் இன்றைக்கும் அங்கேயே கிடக்கிறது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

7

அப்பா இப்போது முறை தவறுவதில்லை. ஆனால் முன்பு போல இல்லை. வாய்க்கால் வரைக்கும் நடந்து போய்த் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிற ஆள், வாசலுக்கு வந்தாலே உட்கார நாற்காலி தேடுகிறார். விட்டுப்போன அந்த முறைகளுக்கான விலையை இதயம் கட்டிக்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை பேசுவோம். மழை, பேத்தியின் படிப்பு, எப்போதாவது காது வலி. பணம் பற்றிய பேச்சு அந்தப் பக்கமும் வராது, இந்தப் பக்கமும் வராது.

இந்த மாசியில் மறுபடியும் வரிசையில் நின்றேன். யாழினியின் பல் கம்பிக்கு இன்னும் ஒரு வருஷத் தவணை இருக்கிறது, அதற்காக. கிளம்புவதற்கு முன் அப்பாவே போன் செய்திருந்தார். அன்றைக்கு அவருக்கு முறை. வேனுக்குக் காத்திருப்பதாகச் சொன்னார். என்னிடம் ஏதோ சொல்ல நினைத்த மாதிரி இருந்தது. ஆனால் சொன்னது இதுதான். “அண்ணன் எனக்கு ஒரு கொறையும் வக்கலம்மா. நீ இதெல்லாம் போட்டு மனச ஒழப்பிக்காத. ஒங் குடும்பத்தப் பாரு.” சரிப்பா என்றேன்.

உள்ளே அதே ஸ்வெட்டர் அதிகாரிதான். என்னை ஞாபகம் வைத்திருந்தார். எனக்காக முன்கூட்டியே ஒரு தாளை எடுத்து வைத்திருந்தார், வெளிநாட்டில் இருக்கும் பெற்றோரைப் பராமரிப்பவர்கள் நிரப்ப வேண்டியது. அப்பாவின் பேருக்கு அனுப்பிய சீட்டுகள் கொண்டுவந்தீர்களா என்று ஆவலாகக் கேட்டார். ஒருமுறைதான் அனுப்பினேன், அது செலவாகவில்லை, அதனால் தேவையில்லை என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. தனக்கு ஏதோ தவறிப்போன மாதிரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, விதிப்படி கேட்டாக வேண்டும் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கேட்டார். அப்படியானால் சொந்த நாட்டில் உங்கள் பராமரிப்பில் யாரும் இல்லை என்று எழுதலாமா?

எழுதுங்கள் என்றேன்.

அவர் எழுதினார். எழுதி முடித்துவிட்டு, அலுவலகக் குரலை விட்டுவிட்டு, அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

சிகிச்சைக்கு ஒழுங்காகப் போகிறார் என்றேன். அண்ணன் பார்த்துக்கொள்கிறார், ஒரு குறையும் வைக்கவில்லை என்றேன்.

“நல்ல மகன்” என்றார் அவர்.

“ஆமாம்” என்றேன்.